கர்ட்டிஸ் கோப்பையில் ஐரோப்பா முழுவதும் ஆடட்டும்: மகளிர் அமெச்சூர் கோல்ஃபை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆர் அண்ட் ஏ அமைப்பினருக்கும், அமெரிக்க கோல்ஃப் சங்கத்தினருக்கும், ஐரோப்பிய கோல்ஃப் சங்கத்தினருக்கும்,

வணக்கம்.

அமெச்சூர் பெண்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆடும் கர்ட்டிஸ் கோப்பையில் அமெரிக்காவை எதிர்த்து ஆடும் அணியில் ஸ்வீடன், ஸ்பெயின், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, டென்மார்க் நாட்டுப் பெண்களுக்கும் இடம் தர வேண்டும் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். பிரிட்டனும் அயர்லாந்தும் மட்டும் என்றிருப்பதை ஐரோப்பா என்று மாற்றுங்கள். தொழில்முறை ஆண்கள் ஆடும் ரைடர் கோப்பை 1979இலேயே அப்படி மாறிவிட்டது. தொழில்முறைப் பெண்கள் ஆடும் சோல்ஹைம் கோப்பை 1990இல் தொடங்கியபோதே ஐரோப்பாவின் பெயரில்தான் தொடங்கியது. அமெச்சூர் ஆட்டத்தில்தான் பழைய எல்லைக்கோடு இன்னும் நிற்கிறது. ஆண்களின் வாக்கர் கோப்பையிலும் இதே நிலைதான். அதற்காக வாதாட வேறு பலர் இருக்கிறார்கள். என் அக்கறை பெண்களின் ஆட்டத்தைப் பற்றியது. அதன் வரலாறு இந்த மாற்றத்தை நெடுநாளாகவே கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்ட முயல்கிறேன்.

இந்த மடலைத் தமிழில் எழுதுவதால், உங்களோடு சேர்ந்து படிக்கப்போகும் பலருக்கு இந்தப் போட்டிகளின் பெயர்களே புதிதாக இருக்கலாம். அவர்களுக்காக அங்கங்கே நின்று விளக்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அமெச்சூர் என்பவர் பரிசுப் பணத்தைப் பிழைப்பாகக் கொள்ளாமல் ஆடுபவர். ஆண்டு முழுவதும் தனக்காகவே ஆடும் அவருக்கு, நாட்டுக்காகவோ கண்டத்துக்காகவோ ஓர் அணியில் சேர்ந்து ஆடும் வாய்ப்பு அபூர்வமாகவே வரும். அதனால்தான் அணிப் போட்டிகளின் வாசலில் யாரை விடுகிறோம், யாரை நிறுத்துகிறோம் என்பது அவர்களுக்கு அவ்வளவு பெரிய விஷயமாகிறது.

கர்ட்டிஸ் கோப்பையின் வேர் 1905இல் இருக்கிறது. இங்கிலாந்தின் கிழக்குக் கடலோரத்தில் உள்ள குரோமரில் அந்த ஆண்டு பிரிட்டிஷ் மகளிர் சாம்பியன்ஷிப் நடந்தது. அதில் ஆட அட்லாண்டிக்கைக் கடந்து வந்திருந்த அமெரிக்கப் பெண்கள் சிலர், சாம்பியன்ஷிப் தொடங்கும் முன் பிரிட்டிஷ் வீராங்கனைகளோடு ஓர் அணிப் போட்டியில் மோதி 6–1 என்று தோற்றார்கள். எதிரே நின்றவர்களில் ஒருவர் லாட்டி டாட். விம்பிள்டன் டென்னிஸ் பட்டத்தை ஐந்து முறை வென்றுவிட்டுக் கோல்ஃபுக்கு வந்து, 1904இல் பிரிட்டிஷ் மகளிர் பட்டத்தையும் எடுத்தவர். தோற்ற அணியில் பாஸ்டனைச் சேர்ந்த ஹாரியட் கர்ட்டிஸும் அவர் தங்கை மார்கரெட்டும் இருந்தார்கள். அமெரிக்க அமெச்சூர் பட்டத்தை 1906இல் ஹாரியட் வென்றார். அடுத்த ஆண்டு இறுதியாட்டத்தில் அக்காளும் தங்கையுமே மோதினார்கள், தங்கை வென்றார். 1911இலும் 1912இலும் மார்கரெட் மீண்டும் அதே பட்டத்தைப் பெற்றார். இடையில் 1908இல் அமெரிக்க டென்னிஸ் இரட்டையர் பட்டம் வேறு!

இப்படிப்பட்ட இருவர், குரோமரில் ஆடிய அந்த ஆட்டம் முறையான தொடராக வேண்டும் என்று விடாமல் ஆசைப்பட்டார்கள். அது நடந்தேற 27 ஆண்டுகள் ஆயின. 1930இல் கிளென்னா காலெட் ஓர் அமெரிக்க அணியைத் திரட்டிக்கொண்டு வந்து சன்னிங்டேலில் ஆடினார். அதுவும் அதிகாரபூர்வமற்ற போட்டிதான், அதிலும் வெற்றி பிரிட்டனுக்குத்தான். 1932 மே மாதம் வென்ட்வொர்த்தில் முதல் அதிகாரபூர்வமான போட்டி நடந்தபோது, கர்ட்டிஸ் சகோதரிகள் கொடுத்த வெள்ளிக் கிண்ணம் பரிசாக வைக்கப்பட்டது. பல நாடுகளின் கோல்ஃப் வீராங்கனைகளிடையே நட்பான போட்டியைத் தூண்டுவதற்காக என்று அந்தக் கிண்ணத்தில் பொறித்திருக்கிறார்கள். கொடுத்தவர்களின் விருப்பம் அதிலேயே தெளிவாக இருக்கிறது. இரண்டு நாடுகளுக்கான பரிசாக அவர்கள் அதைக் கொடுக்கவில்லை.

அந்த முதல் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். காலையில் நடந்த மூன்று ஃபோர்சம்ஸ் ஆட்டங்களையும் அமெரிக்கா அள்ளிக்கொண்டது. ஃபோர்சம்ஸ் என்றால் அணிக்கு இருவர் ஒரே பந்தை மாறி மாறி அடிப்பது. ஒருவர் மணற்குழியில் இறக்கிய பந்தை அடுத்தவர்தான் வெளியே எடுக்க வேண்டும். பிற்பகலில் பிரிட்டனின் தலைவி ஜாய்ஸ் வெதர்ட், தன் நெடுநாள் எதிராளியான கிளென்னா காலெட் வேரை, நான்கு குழிகள் மிச்சமிருக்கும்போதே ஆறு குழி முன்னிலையோடு தோற்கடித்தார். ஒற்றையர் ஆட்டங்களில் பிரிட்டனின் கைதான் ஓங்கியிருந்தது. ஆனாலும் காலையில் விட்டதைப் பிடிக்க முடியவில்லை. அமெரிக்கா 5½–3½ என்று வென்றது.

இனி உங்களில் சிலர் அதிகம் பேசாத இன்னொரு கோப்பைக்கு வருகிறேன். கர்ட்டிஸ் கோப்பைக்கு ஓராண்டு மூத்தது வாக்லியானோ கோப்பை. 1931இல் ஆந்த்ரே வாக்லியானோ என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கொடுத்தார். பிரிட்டிஷ் பெண்களும் பிரெஞ்சுப் பெண்களும் அதற்காக ஆடத் தொடங்கினார்கள். அப்போதே பிரான்ஸ் எளிய எதிராளி அல்ல. 1927இல் சிமோன் தியோன் தெ லா ஷோம் வட அயர்லாந்தின் ராயல் கவுண்டி டவுனில் பிரிட்டிஷ் மகளிர் பட்டத்தை வென்று, அதை வென்ற முதல் பிரெஞ்சுப் பெண்ணாகியிருந்தார். மறு ஆண்டே ஹன்ஸ்டன்டனில் மனெட் லெ பிளான் அதை மீண்டும் பிரான்சுக்குக் கொண்டுபோனார். கர்ட்டிஸ் கோப்பை தொடங்கிய காலத்திலேயே, ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பால் அந்த மேடைக்குத் தகுதியானவர்கள் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆந்த்ரே வாக்லியானோவின் மகள் லாலி. அப்பா கொடுத்த கோப்பைக்காக மகளே பிரான்ஸ் அணியில் ஆடினார். 1937இல் பிரிட்டிஷ் சிறுமியர் பட்டம். பிறகு போர் வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. போர் முடிந்து, 1950இல் அதே ராயல் கவுண்டி டவுனில் பிரிட்டிஷ் மகளிர் இறுதியாட்டம். லாலியை எதிர்த்து நின்றவர் ஸ்காட்லாந்தின் ஜெஸ்ஸி வேலன்டைன். திருமணத்துக்கு முன் ஜெஸ்ஸி ஆண்டர்சன் என்ற பெயரில், 1936இல் கிளெனீகிள்ஸ் மைதானத்தின் கடைசிக் குழியைச் சுற்றிய புல்தரையில் தொலைவிலிருந்து ஒரு பந்தைக் குழியில் இறக்கி, 4½–4½ என்று கர்ட்டிஸ் கோப்பையை முதன்முறையாகச் சமனாக்கியவர் இவரே. அப்பேர்ப்பட்ட ஜெஸ்ஸியை லாலி வென்றார். ஜெஸ்ஸி கர்ட்டிஸ் கோப்பையில் திரும்பத் திரும்ப ஆடினார். அவரைத் தோற்கடித்த லாலியால் ஒருமுறைகூட ஆட முடியவில்லை. விதி அப்படி எழுதப்பட்டிருந்தது, அவ்வளவுதான் காரணம்.

(ராயல் கவுண்டி டவுனுக்கும் பிரெஞ்சுப் பெண்களுக்கும் ஏதோ ஒரு பந்தம் இருக்கிறது. 1963இல் பிரிஜித் வராங்கோவும் தன் முதல் பிரிட்டிஷ் பட்டத்தை அங்கேதான் வென்றார்.)

1959இல் வாக்லியானோ கோப்பையின் ஒரு பக்கம் விரிந்தது. பிரான்சுக்குப் பதிலாக ஐரோப்பியக் கண்டம் முழுவதும் ஒரே அணியாக வந்து பிரிட்டன்–அயர்லாந்து அணியோடு ஆடத் தொடங்கியது. அந்த முதல் போட்டி, கர்ட்டிஸ் கோப்பை பிறந்த அதே வென்ட்வொர்த்தில்தான் நடந்தது. கண்டத்து அணி 12–3 என்று நன்றாக அடிவாங்கியது. அதைப் பார்த்து யாரும் பழையபடி பிரான்சோடு மட்டும் ஆடுவோம் என்று திரும்பிவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. தோற்றவர்களுக்குக் கற்றுக்கொள்ள நேரம் கிடைத்தது. 1965இல் கண்டம் வென்றது.

1964ஐ நான் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அந்த ஆண்டு கர்ட்டிஸ் கோப்பைக்காக அமெரிக்கப் பெண்கள் எப்படியும் அட்லாண்டிக்கைக் கடந்து வரவிருந்தார்கள். அவர்களோடு பிரான்ஸ் ஒரு நட்பு ஆட்டம் ஆடலாமே என்றுதான் பேச்சு தொடங்கியது. இரண்டு நாடுகள், ஒரு போட்டி, முடிந்தால் கைகுலுக்கல்: அந்த அளவிலேயே அது நின்றிருக்கலாம். ஆனால் பிரான்சில் லாலியும், அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் மகளிர் குழுவில் இருந்தவர்களும், கூப்பிடுவதென்றால் எல்லோரையும் கூப்பிடுவோம் என்று நினைத்தார்கள். போர்ச்சுகலின் எஸ்பிரிட்டோ சாண்டோ குடும்பம் கோப்பை கொடுத்தது. 1964 அக்டோபரில் பாரிஸை அடுத்த சேன் ஜெர்மேன் மைதானத்தில் 25 நாடுகள் திரண்டன. மகளிர் உலக அமெச்சூர் அணி சாம்பியன்ஷிப் அப்படித்தான் பிறந்தது.

அதில் வென்றது பிரான்ஸ். கிளோதின் குரோ, பிரிஜித் வராங்கோ, 19 வயது காத்ரின் லாகோஸ்த் ஆகிய மூவரும் அமெரிக்காவை ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் முந்தினார்கள். காத்ரின் வேறு யாருமல்ல, 1927இல் பிரிட்டிஷ் பட்டத்தை வென்ற சிமோனின் மகள். தந்தை டென்னிஸ் வீரர் ரெனே லாகோஸ்த். 1967இல் காத்ரின் அமெரிக்க மகளிர் ஓபன் பட்டத்தையே வென்றார். அமெச்சூராக இருந்துகொண்டு அந்தப் பட்டத்தை வென்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். 1969இல் பிரிட்டிஷ் அமெச்சூர், அமெரிக்க அமெச்சூர் பட்டங்கள் இரண்டும் ஒரே ஆண்டில் அவர் கைக்கு வந்தன. அந்தக் காலத்தில் உலகின் தலைசிறந்த அமெச்சூர் வீராங்கனை யார் என்று கேட்டால் காத்ரின் என்றுதான் சொல்ல வேண்டும். கர்ட்டிஸ் கோப்பையில் அவர் பெயர் இல்லை. இந்த இடைவெளி காத்ரினுக்கு ஒரு குறையே அல்ல, கோப்பைக்குத்தான் குறை.

1965இல் இன்னொரு வாசல் திறந்தது. நாடுகள் தனித்தனியாக மோதும் ஐரோப்பிய மகளிர் அணி சாம்பியன்ஷிப் நெதர்லாந்தின் ராயல் ஹேக் மைதானத்தில் தொடங்கியது. முதல் பட்டம் இங்கிலாந்துக்கு. இந்தப் போட்டியின் அமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். அணிக்கு ஆறு பேர். முதல் இரண்டு நாள் மொத்த அடிகளின் எண்ணிக்கைதான் கணக்கு. ஒவ்வொரு நாளும் ஐந்து பேரின் கணக்கு மட்டும் சேரும், மோசமான ஒன்று விடப்படும். முதல் எட்டு இடங்களுக்குள் வருபவர்கள் பட்டத்துக்காக நேருக்கு நேர் மோதுவார்கள். காலையில் இரண்டு ஃபோர்சம்ஸ், பிற்பகலில் ஐந்து ஒற்றையர் ஆட்டங்கள் என்று மூன்று நாட்கள். தனித்து நன்றாக ஆடத் தெரிந்தால் மட்டும் போதாது. நேற்று மோசமாக ஆடி, தன் கணக்கு சேராமல் போனவர், இன்று காலை தோழியின் பந்தைத் தூக்கி நிறுத்த வேண்டியிருக்கும். நண்பகல் வரை அழுத முகத்தோடு இருந்துவிட்டு, பிற்பகலில் தனியாகப் போய் வெற்றிப் புள்ளியைக் கொண்டுவர வேண்டியிருக்கும். ஓர் ஆட்டக்காரியின் உள்ளம் எப்படிப்பட்டது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் போட்டி அதிகம் இல்லை.

முதல் சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஆதிக்கம். ஆனால் 1969இல் ஸ்வீடனின் டைலோசண்டிலும் 1975இல் சொந்த மண்ணான சேன் கிளூவிலும் பிரான்ஸ் வென்றது. 1979இல் தன் நாட்டிலேயே அயர்லாந்து வென்றது. 1983இல் பெல்ஜியத்தில் மறுபடியும். 1981இல் போர்ச்சுகலின் ட்ரோயாவில் ஸ்வீடன் முதன்முறையாகப் பட்டம் பெற்றது, 1987இல் ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியிலேயே வந்து இரண்டாம் முறை. அதற்கு அடுத்த ஆண்டே லிசலோட் நாய்மன் என்ற ஸ்வீடன் பெண் அமெரிக்க மகளிர் ஓபனை வென்றார். அந்த நாட்டில் எவ்வளவு பெரிய அலை எழுந்துகொண்டிருந்தது என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கியிருக்கும். 2003, 2005, 2007 மூன்றும் ஸ்பெயினுக்கு. இரண்டாண்டுக்கு ஒருமுறை என்றிருந்தது 2008 முதல் ஆண்டுதோறும் என்றானது. 2018, 2019, 2020 தொடர்ந்து மூன்றும் ஸ்வீடனுக்கு. இங்கிலாந்தும் ஓய்ந்துவிடவில்லை: 2016இல் ஐஸ்லாந்தில், 2017இல் போர்ச்சுகலில், 2021இல் ராயல் கவுண்டி டவுனில், 2022இல் வேல்ஸின் கான்வியில்.

இந்தப் பட்டியலை நான் எடுத்துரைப்பது, கண்டம் மேலானது, பிரிட்டன் தாழ்ந்தது என்று சொல்வதற்காக அல்ல. யார் மேல் என்று சொல்ல முடியாத அளவுக்கு அவர்கள் சமமாக ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே வாரத்தில், ஒரே புல்தரையில், ஒரே விதியின் கீழ் மோதி, ஒருவரை ஒருவர் மாறி மாறி வென்றவர்கள். அவர்களில் ஒரு பாதிக்கு மட்டும் அமெரிக்காவோடு ஆடும் வழி இருக்கிறது. மறுபாதி, வாக்லியானோவில் பிரிட்டன்–அயர்லாந்தை வென்றாலும், அங்கிருந்து மேலே போகப் படி இல்லை. வென்றவர் வீட்டில் இருக்க, தோற்றவர் அடுத்த ஆண்டு கர்ட்டிஸ் கோப்பைக்குப் புறப்படுகிறார். 2019இல் ராயல் செயின்ட் ஜார்ஜஸில் கண்டம் வாக்லியானோவை வென்றபோதும் இதுதான் நடந்தது; பெருந்தொற்றால் அடுத்த கர்ட்டிஸ் கோப்பை 2021க்குத் தள்ளிப்போனது மட்டுமே வித்தியாசம்.

அணியாக ஆடினால் இவர்கள் எப்படி ஆடுவார்கள் என்பது தெரியாத ரகசியமும் அல்ல. உலக அமெச்சூர் அணிப் பட்டத்தை ஸ்பெயின் 1986இலும் 1992இலும் வென்றது. ஸ்வீடன் 2004இலும் 2008இலும் 2022இலும். 2022இல் பாரிஸ் அருகே ஸ்வீடனும் அமெரிக்காவும் ஒரே எண்ணிக்கையில் முடித்து, சமன்முறிவு விதியால் கோப்பை ஸ்வீடனுக்குப் போனது. அமெரிக்காவுக்கு அவ்வளவு நெருங்கிய எதிராளி, அமெரிக்காவோடு ஆடும் மிகப் பழைய மகளிர் அணிப் போட்டியில் இல்லை.

சோல்ஹைம் கோப்பையைப் பாருங்கள். 2019இல், ஜெஸ்ஸி ஆண்டர்சன் ஆடிய அதே கிளெனீகிள்ஸில், நார்வேயின் சுசான் பெட்டர்சன் கடைசிக் குழியில் கடைசிப் பந்தை இறக்கி 14½–13½ என்று ஐரோப்பாவுக்கு வெற்றி தேடித் தந்தார். ஐரோப்பிய அணிக்குத் தலைவி ஸ்காட்லாந்தின் கேட்ரியோனா மேத்யூ. ஸ்காட்லாந்துக்காரர் நம்பித் தேர்ந்தெடுத்த நார்வேக்காரர், ஸ்காட்லாந்து மண்ணில், ஸ்காட்லாந்துக் கூட்டத்தின் ஆரவாரத்துக்கு நடுவே வென்று கொடுத்தார். அந்தக் கூட்டத்தில் யாருக்காவது அவர் அந்நியராகத் தெரிந்தாரா? மேத்யூ தன் இளமையில் 1990, 1992, 1994 கர்ட்டிஸ் கோப்பைகளில் ஆடியவர்; 2024இல் சன்னிங்டேலில் 10½–9½ என்று கர்ட்டிஸ் கோப்பையை மீட்ட பிரிட்டன்–அயர்லாந்து அணிக்கும் அவரே தலைவி. பெட்டர்சனுக்குத் தன் அமெச்சூர் காலத்தில் அந்த மேடை இல்லை. 1992இல் உலக அமெச்சூர் தனிநபர் பட்டம் வென்ற ஸ்வீடனின் அன்னிகா சோரன்ஸ்டமுக்கும் இல்லை.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். முதலாவது, பிரிட்டன்–அயர்லாந்து வீராங்கனைகளின் இடம் பறிபோகும் என்பது. இது உண்மையான இழப்பு, மழுப்ப மாட்டேன். எட்டுப் பேர் அணியில் நாலைந்து இடம் கண்டத்துக்குப் போனால், ஸ்காட்லாந்திலோ வேல்ஸிலோ வளரும் ஒரு சிறுமியின் கனவு அந்த அளவுக்குத் தொலைவாகும். 2024இன் வெற்றி எவ்வளவு இனித்திருக்கும் என்பதும் புரிகிறது. 1932 முதல் அதுவரை நடந்த 43 போட்டிகளில் அது ஒன்பதாவது வெற்றிதான். 1960 முதல் 1984 வரை தொடர்ந்து பதின்மூன்று முறை தோற்றும் துவளாமல் வந்தவர்கள், 1986இல் கன்சாஸின் பிரெய்ரி டூன்ஸில் 13–5 என்று வென்றார்கள். ஆணோ பெண்ணோ, அமெரிக்க மண்ணில் அமெரிக்காவை வென்ற முதல் பிரிட்டன்–அயர்லாந்து அணி அதுதான். அந்தப் பெருமையை யாரும் தொடப்போவதில்லை. ஆனால் அணியைப் பத்துப் பன்னிரண்டு பேராக விரிக்கலாம். மாற்றம் வந்த முதல் சில போட்டிகளுக்கு, பிரிட்டன்–அயர்லாந்துக்கு இத்தனை இடம் குறையாது என்று விதியிலேயே எழுதலாம். 2008இல் போட்டியை மூன்று நாளாக நீட்டி, இருவர் இணைந்து ஆளுக்கொரு பந்தோடு ஆடும் ஃபோர்பால் ஆட்டங்களைச் சேர்த்து, 20 புள்ளிகளாக்கியவர்கள் நீங்கள். அப்போது மரபு உடைந்துவிடவில்லை.

இரண்டாவது, வாக்லியானோ கோப்பையின் கதி என்ன ஆகும் என்பது. அதை நிறுத்தவே கூடாது. ஒற்றைப்படை ஆண்டுகளில் அது பிரிட்டன்–அயர்லாந்துக்கும் கண்டத்துக்குமான போட்டியாகவே தொடரட்டும். இரண்டு பக்கமும் மோதும் 24 புள்ளிகளும், அடுத்த ஆண்டு ஒன்றாக ஆடப்போகும் அணியைத் தேர்ந்தெடுக்கும் களமாகவும் அமையும். இன்று அரைகுறை வெளிச்சத்தில் இருக்கும் அந்தக் கோப்பைக்கு அப்போதுதான் உரிய கவனம் கிடைக்கும் என்று நினைக்கிறேன். பிரிட்டன்–அயர்லாந்து என்ற பெயரில் ஆடும் மகிழ்ச்சியும் அங்கே உயிரோடிருக்கும்.

பிரிட்டிஷ் பெண்களும் கண்டத்துப் பெண்களும் ஒரே அமெச்சூர் அணியில் ஒன்றி ஆடுவார்களா என்ற சந்தேகத்துக்கு நீங்களே விடை கொடுத்துவிட்டீர்கள். 2016 முதல் ஆசிய–பசிபிக் வீராங்கனைகளை எதிர்த்து ஆடும் பாட்சி ஹாங்கின்ஸ் கோப்பையில் ஐரோப்பா ஒரே அணிதான். கிழக்கே பார்க்கும்போது ஒன்றாக நிற்பவர்கள் மேற்கே பார்க்கும்போது ஏன் பிரிய வேண்டும்? தவிர, இவர்களில் பலர் அமெரிக்கக் கல்லூரி அணிகளில் ஒரே சீருடையில் ஆடிப் பழகியவர்கள். அமெரிக்க வீராங்கனைகளே தங்கள் கல்லூரித் தோழிகளை எதிர் அணியில் பார்க்க ஆசைப்படுவார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆர் அண்ட் ஏ அமைப்பினரிடம் ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். 2014இல், உங்கள் அமைப்பு பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப் பெண்களை உறுப்பினராக்க முடிவு செய்தது. 2015இல் கௌரவ உறுப்பினர்களாக அழைத்த முதல் ஏழு பெண்களில் சோரன்ஸ்டமும் இருந்தார், லாலியும் இருந்தார். அப்போது லாலிக்குத் தொண்ணூறு வயது தாண்டியிருந்தது, 2018இல் மறைந்தார். 1893 முதல் மகளிர் ஆட்டத்தை நடத்திவந்த லேடீஸ் கோல்ஃப் யூனியன் 2017இல் உங்களோடு இணைந்தது. ஆகவே கர்ட்டிஸ் கோப்பையின் இந்தக் கரைப் பொறுப்பும் வாக்லியானோவின் பொறுப்பும் இன்று உங்கள் கையில்தான் இருக்கின்றன. ஒரே மேசையில் உட்கார்ந்து இரண்டையும் பேச முடிகிற இப்படி ஒரு நிலை முன்பு இருந்ததில்லை. ஐரோப்பிய கோல்ஃப் சங்கத்தார் எதிரே வந்து அமர்ந்தால் போதும். அமெரிக்க கோல்ஃப் சங்கத்தார் சம்மதித்தால் வேலை முடிந்தது.

நாள் குறிப்பதும் எளிது. 2031இல் வாக்லியானோ கோப்பைக்கு நூறாண்டு. 2032இல் கர்ட்டிஸ் கோப்பைக்கு. ஒன்று ஒற்றைப்படை ஆண்டு, மற்றொன்று இரட்டைப்படை ஆண்டு. இரண்டுமே அந்தந்தப் போட்டிக்கு உரிய முறைப்படி வரும் ஆண்டுகள். 2031 வாக்லியானோவைத் தேர்வுக் களமாக அறிவியுங்கள். 2032இல் அமெரிக்காவை எதிர்த்து நிற்பது ஐரோப்பிய அணி என்று இப்போதே சொல்லிவிடுங்கள். அந்த அணியில் ஆடப்போகிறவர்கள் இன்று ஸ்டாக்ஹோமிலும் மாட்ரிட்டிலும் டப்ளினிலும் எடின்பரோவிலும் பள்ளிச் சிறுமிகளாக இருக்கிறார்கள். எதற்காகப் பயிற்சி செய்கிறோம் என்று தெரிந்து பயிற்சி செய்ய அவர்களுக்கு நேரம் வேண்டும். அதனால் இந்தப் பேச்சை நூற்றாண்டு விழா நெருங்கும் வரை தள்ளிப்போட வேண்டாம். உங்கள் மூன்று அமைப்புகளும் அடுத்து கூடும்போதே நிகழ்ச்சி நிரலில் வையுங்கள்.

இப்படிக்கு,
மகளிர் அமெச்சூர் கோல்ஃபை ஆர்வத்தோடு பின்தொடரும் ஒரு தமிழ் வாசகர்